முப்பத்தோராம் ஏட்டில் ஓர் ஓட்டை

கன்று உயிரோடிருந்தபோது
ஏதோ ஓர் உண்ணி கடித்த இடம்.
தோலை இழுத்துக் கட்டிச் சுரண்டியதில்
உண்ணியின் வாயளவு
என் கட்டைவிரல் அளவுக்கு விரிந்துவிட்டது.
வேறு தோல் இல்லை. மியூஸ் நதி உறைந்து
படகு வராமல் பதினெட்டு நாள்.
ஓட்டையைச் சுற்றித்தான் எழுத வேண்டும்.

எழுதுகிறேன்:
அறிவு வழிநடத்தாத நற்செயல்
நற்பண்பு ஆகுமா என்பது கேள்வி.
ஆகாது என்றே தோன்றுகிறது. ஏனெனில்
குருடன் எய்த அம்பு
மானைத் தைத்தாலும் அவன் வில்லாளி அல்லன்.

நல்ல வாதம். பாரிசிலிருந்து வந்தது.
மை உறையாதிருக்க
கொம்புக் குப்பியை அக்குளில் இடுக்கியபடி
ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வாசற்காவல் சகோதரர் ஃபோல்க்வின்
இன்றோடு மூன்றாம் நாளாக
வெறும் ரொட்டியும் தண்ணீரும்
தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.
எழுத்தறியார். விசுவாசப் பிரமாணத்திலேயே
இரண்டு இடத்தில் இடறுவார்;
ஒருமுறை பிலாத்துவைப் புனிதர்களோடு சேர்த்துவிட்டார்.
படகுக்காரனின் விதவை எர்மெந்திரூட்
காலில் சாக்குத்துணி சுற்றி வாசலில் நின்றாள்.
இவர் தம் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

தம் செருப்பு. அங்கேதான் சிக்கல்.
எங்களில் எவருக்கும் எதுவும் சொந்தமில்லை.
அது மடத்தின் செருப்பு.
தனதல்லாததைக் கொடுப்பது தானமா, களவா?
சபைக்கூடத்தில் மேலாளர் ராதுல்ஃப்
நான்கு காரணம் அடுக்கினார்;
நான்கு காலில் நிற்கும் மேசை போல
ஆடவில்லை, அசையவில்லை.
பிறகு கேட்டார்:
"எந்த நியாயத்தைக் கொண்டு செய்தீர்?"

ஃபோல்க்வின் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்,
நெற்றி சுருங்கியது.
"அவள் காலைப் பார்த்தேன்" என்றார்.
யாரோ சிரித்தார்கள்.

என்னிடம் பதில் இருந்தது.
உயிர் போகும் நெருக்கடியில் பொருளெல்லாம் பொது;
எடுப்பவன் திருடன் அல்லன், கொடுப்பவனும் அல்லன்.
பதினேழாம் ஏடு, வலப்பக்கம்,
மேலிருந்து ஒன்பதாம் வரி.
என் கையே எழுதியது. நாக்கு நுனிவரை வந்து
இலத்தீனில் நின்றது, வேற்றுமை உருபுகள் சகிதம்.

எழுத்தறைக்குக் கரி அளந்து கொடுப்பவர் ராதுல்ஃப்.
நான் என் மேலங்கியின் தையலைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் நான் படியெடுத்தது
மனத்திடம் பற்றிய பகுதி.
சரிபார்த்தார்கள்.
ஓர் எழுத்துப் பிழை இல்லை.

காணாததை ஏற்பதே விசுவாசம் என்று
எத்தனை முறை எழுதியிருப்பேன்.
கண்டதை ஏற்க என்ன வேண்டும் என்று
எந்த ஆசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை;
அல்லது அந்த ஏடு இன்னும்
என் மேசைக்கு வரவில்லை.

மணி அடிக்கிறது. வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம்.
இதற்கு விடையாகச் சொல்ல வேண்டியது, என்று தொடங்கி
ஓட்டையின் கரைக்கு வந்துவிட்டேன்.
'சொல்ல' இக்கரையில்,
'வேண்டியது' அக்கரையில்.
நடுவே, வட்டமாக,
ஹெரிபெர்ட் முன்பே எழுதி முடித்த அடுத்த ஏட்டிலிருந்து
ஒரே ஒரு சொல் எட்டிப் பார்க்கிறது.
அன்பு என்று இருந்திருக்கலாம். இறைவன் என்று
இருந்திருந்தால் அற்புதம் என்று
மணியடித்து ஊரைக் கூட்டியிருப்போம்.
'ஆனால்' என்று இருக்கிறது.

ஓட்டையைச் சுற்றிப் படம் போடுவது வழக்கம்.
பல்லிளிக்கும் குரங்கு, மீன் வாய்,
யாரும் கண்டுகொள்வதில்லை.
நான் ஒரு செருப்பு வரைந்தேன்.
பெருவிரல் இருக்கும் இடத்தில் ஓட்டை.
மை காய ஊதினேன், மூச்சு வெள்ளையாகப் போனது.

வியாழக்கிழமை ராதுல்ஃப் ஏடுகளைப் புரட்டுவார்.
இந்த இடத்தில் நிற்பார். கேட்பார்,
எந்த நியாயத்தைக் கொண்டு என்று.
இப்போதே மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன்,
இலத்தீனில் அல்ல, என் அம்மாவின் பேச்சில்:
அவள் காலை நான் பார்க்கவில்லை, ஐயா.
கல் தரையில் நின்ற
அவர் காலைப் பார்த்தேன்.